யோகாசனமும் வழுவமைதியும்

தமிழிலக்கணம் சொற்களை ஆராயுமிடத்து மூன்று நிலைகளைக் கூறும். பிழையின்றி அமைவது வழாநிலை. பிழைபட அமைவது வழு. பிழைபோலத் தோன்றினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசுவை அன்பு மிகுதியால் 'அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால், அஃறிணையை உயர்திணை ஆக்கிய குற்றம் அவர்மேல் ஏறாது. உவப்பின் காரணமாக அது வழுவமைதி ஆயிற்று என்று இலக்கணம் அவரை விடுவித்துவிடும். பள்ளியில் இப்பகுதியைப் படித்தவர் பலர். அதைப் பள்ளிக்கு வெளியே கொண்டு சென்றவர் சிலர்.

யோகாசனம் பயிலும் இடங்களில் இன்று எழுந்துள்ள ஒரு வழக்கைத் தீர்ப்பதற்கு இம்மூன்று சொற்களும் பெரிதும் துணைசெய்யும். முழங்கால் தேய்ந்த மூதாட்டி ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை உயர்த்தி, மூச்சை உள்ளிழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே மெல்லக் குனிகிறார். அது ஆசனமா, அன்றா? ஒரு சாரார், "தரையில் அமராதது ஆசனமே அன்று" என்பர். மற்றொரு சாரார், "பாவம், முடியாதவர், செய்துவிட்டுப் போகட்டும்" என்பர். முதற் சாரார்க்கு அது வழு. இரண்டாம் சாரார்க்கு அது வழுவமைதி. அது வழாநிலையே எனக் கூறும் மூன்றாம் சாரார் இப்போதுதான் குரல் எழுப்பத் தொடங்கியுள்ளனர்.

இவற்றுள் எது பொருந்தும் என்பது வெறும் சொற்போர் அன்று. ஆசனம் என்பது வளையும் உடலுக்கு மட்டும் உரியது என்று முடிவானால், காண்டா சுமந்து தோள் சாய்ந்தவரும், நிரை நிரையாக நடந்து முழங்கால் தேய்ந்தவரும், பிறவியிலேயே கால் வளைந்த குழந்தையும், மிகுந்த எடையுடையவரும் வாயிலிலேயே நிறுத்தப்படுவர். உடற்பயிற்சி யாருக்கு மிகவும் வேண்டுமோ அவரே வெளியே நிற்பார். ஆகவே இவ்வழக்கை உணர்ச்சியால் தீர்க்காமல், யோகம் பற்றிய நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்து தீர்ப்பதே முறை.

பழைய நூல்கள் கூறும் இலக்கணம்

யோக நூல்களுள் முதல்வைத்து எண்ணப்படுவது பதஞ்சலியின் யோக சூத்திரம். இருநூறுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்களைக் கொண்ட அந்நூலில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே. அவற்றுள் முதலாவது ஆசனத்துக்கு இரண்டே இலக்கணம் வகுக்கிறது: அது அசைவற்று நிலைத்திருத்தல் வேண்டும், இனிதாக இருத்தல் வேண்டும். காலை எங்கு மடக்குவது, கையை எங்கு வைப்பது என்னும் செய்தி அச்சூத்திரத்தில் இல்லை. முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும் என்பது அடுத்த சூத்திரத்தின் கருத்து. ஆக, பல்லைக் கடித்துக்கொண்டு பத்மாசனத்தில் அமர்ந்திருப்பவர் பதஞ்சலியின் இலக்கணப்படி ஆசனத்தில் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து, மூச்சு சீராக ஓட, இனிதாக அமர்ந்திருப்பவரோ ஆசனத்தில் இருக்கிறார்.

சூத்திரத்துக்கு வியாசர் பெயரால் வழங்கும் பழைய உரை ஆசனங்கள் சிலவற்றைப் பெயர் சுட்டி அடுக்குகிறது. அப்பட்டியலில் 'சோபாச்ரயம்' என்று ஒன்று உண்டு. சார்பு உடையது என்பது அதன் பொருள். பின்வந்த உரைகாரரான வாசஸ்பதி மிசிரர், யோகபட்டத்தைத் துணையாகக் கொண்ட இருக்கை என்று அதனை விளக்குகிறார். யோகபட்டம் என்பது இடுப்பையும் முழங்காலையும் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை. நெடுநேரம் அமரும்போது உடல் சரியாதவாறு அது தாங்கும். அப்பட்டியலின் இறுதியில் 'யதாசுகம்', அதாவது அவரவர்க்கு இனிதானபடி, என்னும் சொல்லும் காணப்படுகிறது.

இந்தப் பட்டையைப் பார்க்க வடமொழி ஏடுகளைப் புரட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஐயப்பன் திருவுருவத்தின் முழங்கால்களைச் சுற்றியிருக்கும் பட்டையை அறியாத தமிழர் அரியர். சோளிங்கர் மலையில் கோயில் கொண்ட யோக நரசிம்மர்க்கும் அத்தகைய அமைப்பு உரியது. தெய்வத்தையே பட்டை கட்டி அமர்த்திய மரபு, மனிதர் ஒருவர் பட்டையைப் பிடித்துக் கால் நீட்டினால் முகம் சுளிப்பது முரணாகும்.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோக பிரதீபிகை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இளைஞர், முதியவர், மிகவும் முதிர்ந்தவர், நோயாளி, மெலிந்தவர் ஆகிய அனைவரும் சோர்வின்றிப் பயின்றால் யோகத்தில் பயன் பெறுவர் என்பது சுவாத்மாராமரின் கருத்து. தமிழில் திருமூலர் அட்டாங்க யோகத்தை மூன்றாம் தந்திரத்தில் பாடுகிறார். அங்கும் ஆசனங்களைச் சில பாடல்களில் கூறி முடித்து, மூச்சின் பயிற்சியை அதனினும் விரிவாக எடுத்துக்கொள்கிறார். உடலின் தோற்ற அழகை முதன்மையாகக் கொள்ளும் நோக்கு இப்பழைய நூல்களில் இல்லை. அப்படியாயின் அந்நோக்கு எங்கிருந்து வந்தது?

ஒளி தந்த நூலும் அதன் நிழலும்

இருபதாம் நூற்றாண்டில் யோகத்தைப் பற்றி மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று பி. கே. எஸ். ஐயங்கார் எழுதி 1966இல் இலண்டனில் வெளியான 'லைட் ஆன் யோகா'. புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் அதற்கு முன்னுரை வழங்கினார். இருநூறு ஆசனங்களும் ஏறத்தாழ 600 படங்களும் கொண்ட அப்பெருநூலில் மாதிரியாக நிற்கும் உடல் ஒன்றே, அது ஆசிரியருடையது.

நூலின் சிறப்புகளை முதலில் சொல்வது நேர்மை. அதற்கு முன் வெளியான பல நூல்களில் ஆசனத்தின் பெயரும் பலனும் இருக்கும். செய்முறை இரண்டு வரியில் முடிந்துவிடும். ஐயங்காரோ பாதத்தின் விரல் எப்பக்கம் திரும்ப வேண்டும், முழங்காற் சில்லு எங்ஙனம் மேலேற வேண்டும், எடை குதிகாலில் விழுகிறதா விரலில் விழுகிறதா என்பன வரை எழுதினார். நோய்களுக்கேற்ற ஆசனங்களைப் பிற்சேர்க்கையில் வகுத்தளித்தார். 300 வாரங்களுக்கான பயிற்சித் திட்டத்தையும் தந்தார். ஆசிரியரில்லாத ஊரில் இருப்பவர்க்கு அது ஓர் ஆசிரியராயிற்று.

குறை எது? ஒவ்வோர் ஆசனத்தின் பெயருக்கு அருகிலும் அதன் கடுமையைக் குறிக்கும் எண் ஒன்று இடப்பட்டுள்ளது. 1இல் தொடங்கி 60 வரை அவ்வெண்கள் ஏறுகின்றன. கடுமையை முன்கூட்டியே அறிவித்து எச்சரிப்பதே அதன் பயன். ஆனால் படிப்பவர் மனம் எண்களை அவ்வாறு கொள்வதில்லை. எண் கண்டவிடத்து மதிப்பெண் என்று நினைப்பது பள்ளிக்கூடத்தில் வளர்ந்த எவர்க்கும் இயல்பு. நாற்பதாம் எண்ணைச் செய்பவர் பத்தாம் எண்ணைச் செய்பவரைவிட நான்கு மடங்கு யோகி என்னும் எண்ணம் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது.

இவ்வெண்ணத்தை அந்நூலே உள்ளிருந்து உடைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சவாசனத்தைப் பற்றி எழுதும்போது, எளிதாகத் தோன்றும் இது வசப்படுத்துவதற்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று ஐயங்கார் கூறுகிறார். சவாசனத்தில் மடங்குவதும் முறுக்குவதும் யாதொன்றும் இல்லை. மல்லாந்து படுத்திருத்தலே செயல். எந்த மூட்டும் வளையாத ஓர் ஆசனம் கடினமானவற்றுள் ஒன்றாயின், வளைவைக் கொண்டு கடுமையை அளக்கும் ஏணி சாய்ந்துவிட்டது என்பதே பொருள். நூலாசிரியர் அறிந்த இவ்வுண்மையை அவருடைய படங்கள் மறைத்துவிட்டன. சொல் ஒருமுறை படிக்கப்படும். படமோ சுவரில் மாட்டப்படும்.

உடலமைப்பு நூல் கற்றோர் இங்கே ஒரு செய்தியைச் சேர்ப்பர். இடுப்பெலும்பின் கிண்ணமும் அதில் பொருந்தும் தொடையெலும்பின் தலையும் எல்லார்க்கும் ஒரே ஆழத்திலும் ஒரே கோணத்திலும் அமைவதில்லை. பத்மாசனத்தில் கால் திரும்ப வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. ஒருவருடைய எலும்பின் அமைப்பு அத்திருப்பத்துக்கு இடங்கொடாவிட்டால், கட்டாயப்படுத்தும் முறுக்கு முழங்காலில் இறங்கி அங்குள்ள குருத்தெலும்பு வட்டைப் புண்படுத்தும். தசையைப் பயிற்சியால் நீட்டலாம். எலும்பின் வடிவை நீட்ட முடியாது. ஆகவே படத்தில் கண்ட வடிவத்தை அடையாதவர் எல்லாரும் சோம்பேறிகள் என்று கருதுவது அறியாமையும் ஆகும், தீங்கும் ஆகும்.

நூலைத் தாண்டிச் சென்ற ஆசிரியர்

ஐயங்காரை இவ்வளவோடு எடைபோட்டு நிறுத்துவது நீதியாகாது. 1918இல் கருநாடகத்துப் பெள்ளூரில் பிறந்த அவர், இளமையில் மலேரியாவும் டைபாய்டும் காச நோயும் வாட்டிய மெலிந்த உடலினர். தமக்கையின் கணவராகிய திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் பயின்று, 1937இல் புனே நகருக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கு அவரிடம் வந்தவர்கள் வளையும் சிறுவர்கள் மட்டும் அல்லர். நோயாளிகளும் முதியவர்களும் வந்தனர். பெல்ஜியத்தின் அரசித் தாயார் எலிசபெத்து தம் எண்பது வயதைக் கடந்தபின் அவரிடம் பயின்றார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இத்தகைய மாணவர்களுக்காகவே அவர் துணைக்கருவிகளை ஒவ்வொன்றாக அமைத்தார். கை தரையை எட்டாதவர்க்கு மரக்கட்டை. தரையே மேலெழுந்து கையைச் சந்திக்கிறது. கை பாதத்தை எட்டாதவர்க்குப் பட்டை, கை நீண்டுவிடுகிறது. முதுகைத் தாமே தாங்க முடியாதவர்க்கு நாற்காலி, சுவர், கயிறு, உருளைத் தலையணை, மடித்த கம்பளம். 1975இல் புனேயில் திறக்கப்பட்ட ரமாமணி ஐயங்கார் நினைவு யோக நிலையத்தில் இக்கருவிகள் பயிற்சியின் பிரிக்க முடியாத பகுதியாயின. 2014இல் தம் 95ஆம் வயதில் மறையும் வரை அவர் இம்முறையை வளர்த்தார்.

ஒரே மனிதர் நூலில் எட்டாத உயரத்தைக் காட்டினார்; வகுப்பில் அவ்வுயரத்துக்குப் படி கட்டினார். நூலாசிரியரைவிட வகுப்பாசிரியர் பெரியவர் என்று துணிந்து கூறலாம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இம்முறையில் மரக்கட்டை எதற்காக? படத்திலுள்ள முழு வடிவத்தின் ஒழுங்கை இந்த உடலிலும் கொண்டுவருவதற்காக. வடிவமே இலக்கு, கருவி அதற்குப் பாலம். ஆதலின் கருவியோடு செய்வது இங்கே வழுவமைதி என்னும் அளவில் நின்றுவிடுகிறது. காரணம் பற்றி ஏற்கப்படுகிறது. ஆனால் கட்டையின்றி நிற்பதே முழுமை என்னும் கருத்து அறையின் மூலையில் காத்திருக்கிறது.

சென்னையில் பிறந்த மறுமொழி

கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையே இதற்கு ஒரு மறுமொழியை ஈன்றது. 1888இல் பிறந்த அவர், 1930களில் மைசூர் மன்னரின் ஆதரவில் அரண்மனையைச் சார்ந்த யோகசாலையை நடத்தினார். மாணவர்கள் பெரும்பாலும் இளஞ்சிறுவர்கள். மக்களைக் கவரக் காட்சி நிகழ்ச்சிகளும் நடத்தினார். வேகமும் வளைவும் நிறைந்த பயிற்சி அங்குச் செழித்தது வியப்பன்று. அச்சூழலின் சாயலை அவர் 1934இல் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' என்னும் நூலிலும் காணலாம்.

1950களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அரண்மனையும் இல்லை. கைதட்டும் கூட்டமும் இல்லை. அவரை நாடி வந்தவர்கள் இல்லறத்தார், அலுவலகம் செல்வோர், நோயுற்றோர். மாணவரின் உடல் மாறியதும் ஆசிரியரின் முறையும் மாறிற்று. ஒருவர்க்கு ஒருவராகக் கற்பித்தல், மூச்சை அளவாகக் கொள்ளுதல், வயதும் நோயும் தொழிலும் அறிந்து பயிற்சியை அமைத்தல் ஆகியன அவருடைய பிற்கால முறையின் கூறுகள். அவர் மகனும் பொறியியல் பயின்றவருமான டி. கே. வி. தேசிகாச்சார் அம்முறையைக் கற்று, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். 1995இல் வெளிவந்த 'தி ஹார்ட் ஆஃப் யோகா' என்னும் நூலில் அம்முறையை உலகறிய விளக்கினார்.

தேசிகாச்சாரின் நூலில் ஆசனத்துக்கு வடிவம் இரண்டாமிடத்தையே பெறுகிறது. ஓர் ஆசனம் முதுகெலும்புக்கு என்ன செய்ய வேண்டும், மூச்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வினா. முன்குனியும் ஆசனம் ஒன்றின் பயன் முதுகின் பின்புறம் விரிவதாயின், முழங்காலைச் சற்று மடக்கிக் குனிந்தாலும் அப்பயன் கிட்டும். காலை விறைப்பாக நீட்டி, முதுகைக் கூன்போட்டு, விரலால் பாதத்தைத் தொட்டுவிட்டவர் படத்தைப் பெற்றார், பயனை இழந்தார். மூச்சு தடுமாறுகிறதா என்பதே எல்லையைக் காட்டும் அளவுகோல். இந்த அளவுகோல் அவரவர் மூக்கிலேயே இருப்பதால் வாங்க வேண்டியதில்லை. இங்கே நாற்காலியில் செய்யும் ஆசனம் வழுவமைதி என்னும் நிலையைக் கடந்து வழாநிலைக்கு வந்துவிடுகிறது.

இந்நூலிலும் குறை இல்லாமல் இல்லை. ஒருவர்க்கு ஒருவராகக் கற்பிப்பது உயர்ந்த முறை. அவ்வாறு கற்பிக்க ஓர் ஆசிரியருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்டு? நாற்பது பேர் அமர்ந்த கூடத்தில் இந்நூலை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? வசதியுடையவர் தமக்கென்று ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்வர். மற்றவர் மீண்டும் கூட்டத்தில் நின்று முடிந்ததைச் செய்வர். உடலின் வேற்றுமைக்கு வழி திறந்த நூல், பணத்தின் வேற்றுமையை எண்ணிப் பார்க்கவில்லை. இக்குறையை நிறைவு செய்யும் பொறுப்பு பின்வந்தோர்மேல் விழுந்தது.

கால்கள் அசையாதபோது

இதுவரை கண்ட நூல்கள் குறைந்த அளவிலேனும் அசையும் உடலை எண்ணி எழுதப்பட்டவை. அசையாத உடலுக்கு ஆசனம் உண்டா? இவ்வினாவை எழுப்பியது அமெரிக்கரான மேத்யூ சான்ஃபோர்டு 2006இல் வெளியிட்ட 'வேக்கிங்' என்னும் தன்வரலாறு. 1978இல் பதின்மூன்றாம் வயதில் கார் விபத்தொன்றில் தந்தையையும் தமக்கையையும் இழந்த அவர், மார்புக்குக் கீழ் இயக்கமற்றவரானார். கால்களில் ஏதோ உணர்வதாக அவர் சொன்னபோது, அது மெய்யன்று, மறந்துவிடு என்று மருத்துவம் கற்பித்தது. கைகளைப் பலப்படுத்திக் கால்களைச் சுமையாக இழுத்துச் செல்வதே வாழ்வு என்றாயிற்று.

1991இல் ஐயங்கார் மரபில் வந்த ஆசிரியை ஒருவரிடம் அவர் யோகம் பயிலத் தொடங்கினார். கால்களை அகல விரித்துத் தரையில் அமர்த்தப்பட்டபோது, இயக்க முடியாத உறுப்புகளும் தம்முடைய உடலே என்னும் உணர்வு திரும்பியதை அவர் நூலில் விவரிக்கிறார். எலும்பின் ஒழுங்கும் மூச்சும் கவனமும் சேரும்போது, தசை இயங்காத இடத்திலும் உடலில் ஓர் இருப்பு உண்டாகிறது என்பது அவர் துணிபு. அவர் நடந்துவிட்டார் என்று நூல் முடியவில்லை. அற்புதம் எதையும் விற்காத நேர்மையே அந்நூலுக்கு வலிமை. உடல் ஊனமுற்றவர்க்கு யோகம் கற்பிப்பதையும், அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவதையும் அவர் தம் பணியாகக் கொண்டார்.

இதில் ஆழ்ந்த செய்தி ஒன்று அடங்கியுள்ளது. துணைக்கருவிகளையும் ஒழுங்கையும் வலியுறுத்திய ஐயங்கார் மரபுதான் இம்மனிதர்க்குக் கதவு திறந்தது. ஆகவே வடிவத்தை வற்புறுத்தும் மரபு முழுவதும் தவறு என்றோ, நெகிழ்ச்சியை வற்புறுத்தும் மரபு முழுவதும் சரி என்றோ தீர்ப்பளிப்பதற்கு இடமில்லை. ஒழுங்கு வேண்டும், அது யாருடைய உடலின் ஒழுங்கு என்பதே வினா.

2017இல் ஜெஸ்ஸமின் ஸ்டான்லி எழுதிய 'எவ்ரி பாடி யோகா' பருத்த உடலுடைய பெண்ணொருவரையே மாதிரியாக நிறுத்திற்று. 1966இன் நூலில் ஓர் உடல் எல்லார்க்கும் மாதிரி. இங்கே மற்றோர் உடலும் மாதிரியாகும் தகுதியைக் கோருகிறது. 2019இல் ஜீவனா ஹேமன் எழுதிய 'அக்ஸஸிபிள் யோகா' ஒரே ஆசனத்தைப் பல நிலைகளில் வெவ்வேறு உடலுடையோரைக் கொண்டு காட்டுகிறது. 1990களில் எய்ட்சு நோயாளிகளுக்கு யோகம் கற்பித்த பட்டறிவு அந்நூலாசிரியர்க்கு உண்டு. கூட்டத்தில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வகை நூல் பயன்படும். ஒரே வகுப்பில் ஒருவர் நின்றும், ஒருவர் அமர்ந்தும், ஒருவர் படுத்தும் ஒரே பயனை நாடலாம் என்பதை அது நடைமுறையில் காட்டிவிடுகிறது.

தடை கூறுவோர்க்கு விடை

இனி, எதிர்வழக்கையும் கேட்பது கடன். "எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் தவம் எங்கே? எதுகை மோனை இல்லாததைச் செய்யுள் என்பது போல, நாற்காலியில் கை தூக்குவதை யோகம் என்பதா?" என்று அவர்கள் கேட்கின்றனர். இவ்வச்சத்தில் உண்மையே இல்லை எனல் ஆகாது. வணிகர் கையில் அகப்பட்டால் எளிமை என்பது சோம்பலுக்கு இட்ட பெயராகிவிடும். கட்டையும் பட்டையும் விலையுயர்ந்த சரக்குகளாகிவிடும். உறுதியான மர நாற்காலி, பழைய வேட்டியைக் கிழித்த பட்டை, இரு செங்கற்கள், தலையணை, சுவர் ஆகியன எந்த வீட்டிலும் உண்டு என்பதை மறைத்து விற்பனை நடைபெறும்.

ஆனால் தடை கூறுவோர் தளர்த்துவதையும் பொருத்துவதையும் ஒன்றாகக் கருதுகின்றனர். தையற்காரர் ஒருவர் சட்டையைப் பருத்தவர்க்குப் பருமனாகவும் மெலிந்தவர்க்குச் சிறிதாகவும் வெட்டுகிறார். அவர் தம் தொழிலின் கண்டிப்பைத் தளர்த்தியதாக எவரும் கூறார். அளவெடுக்காமல் எல்லார்க்கும் ஒரே சட்டையைத் தைப்பவரே தொழிலறியாதவர். உடலுக்கேற்ப ஆசனத்தை அமைப்பது படத்தைப் பார்த்துச் செய்யச் சொல்வதைவிடக் கடினமான வேலை. அதற்கு நோயறிவு வேண்டும். கண்ணில் அழுத்த நோய் உடையவரும் இரத்த அழுத்தம் மிகுந்தவரும் தலைகீழாக நிற்றல் ஆகாது. எலும்பு மெலிந்த முதியவரை வலிந்து குனிய வைத்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். கருவுற்றவரைக் குப்புறப் படுக்கச் செய்தல் கூடாது. இவற்றை அறிந்து ஒவ்வொருவர்க்கும் வழி காண்பதே ஆசிரியரின் தவம்.

மாணவர்க்கும் தவம் குறைவதில்லை. நாற்காலியில் அமர்ந்து பத்து நிமிடம் மனம் சிதறாமல் மூச்சைத் தொடர்ந்து செல்ல முயன்றவர், அது தலைகீழாக நிற்பதைவிட எளிது என்று சொல்ல மாட்டார்.

மலாயா மண்ணின் தொடர்பு

இவ்வாராய்ச்சி அயல்நாட்டு நூல்களைப் பற்றியதாகத் தோன்றினும், இந்நாட்டோடு இதற்கு ஓர் உறவு உண்டு. பிற்காலத்தில் சுவாமி சிவானந்தர் எனப் போற்றப்பட்டவர், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த மருத்துவர் குப்புசாமி. 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் வட்டாரத்துத் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூர் பாருவிலும் பணியாற்றி, 1923இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டார். 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

பத்தாண்டுக் காலம் அவர் மருந்து கொடுத்த உடல்கள், காட்டை அழித்து இரப்பர் நட்ட தொழிலாளரின் உடல்கள். மன்னர் முன் வளைந்து காட்டும் சிறுவர்களைக் கண்டு யோகத்துக்கு வந்தவர் அல்லர் அவர். நோயுற்றவர்களைக் கண்டு வந்தவர். இல்லறத்தார்க்கும் வேலை மிகுந்தோர்க்கும் ஏற்றவாறு எளிய, குறுகிய பயிற்சிகளை அவர் எழுதி வழங்கியதன் பின்னணி இதனால் விளங்கும். மருத்துவர் கண்ணோடு யோகத்தை நோக்கும் மரபு புதிதாக இறக்குமதி செய்ய வேண்டியதன்று. அதன் ஒரு வேர் இம்மண்ணின் தோட்ட மருத்துவமனையில் உண்டு.

நூலை எடைபோடும் முறை

ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் அனைத்துலக யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. திடல்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே எண்ணிக்கைக்கு ஒரே வடிவத்தில் குனிந்து நிமிர்வது கண்ணுக்கு இனிய காட்சிதான். அக்காட்சியில் யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்பதும் வேண்டும். வரிசையின் ஓரத்தில் பத்து நாற்காலிகளைப் போட்டு, அவற்றில் அமர்ந்தோர்க்கும் கட்டளை சொல்லும் ஒருவரை நிறுத்தினால் காட்சியின் அழகு குறைந்துவிடாது.

பள்ளிகளில் இது இன்னும் இன்றியமையாதது. உடற்பயிற்சி வேளையில் கால் ஊனமுற்ற மாணவனை மரத்தடியில் அமர்த்தி, மற்றவர்களின் பைகளைக் காவல் காக்கச் சொல்லும் வழக்கம் அன்பினால் செய்யப்படுவதாகவே தோன்றும். அவன் கற்றுக்கொள்ளும் பாடமோ வேறு: தன் உடல் பயிற்சிக்குத் தகுதியற்றது. பன்னிரண்டு வயதில் கற்ற அப்பாடத்தை அறுபது வயதிலும் அவன் மறப்பதில்லை. அவனுக்கும் அதே வேளையில் அதே ஆசனத்தை, அவன் உடலுக்குரிய வடிவில், அதே பெயர் சொல்லிக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. 'இது உனக்குரிய சலுகை' என்று சொல்லிக் கற்பித்தால் வழுவமைதி. 'இது ஆசனம்' என்று சொல்லிக் கற்பித்தால் வழாநிலை. சொல்லும் சொல்லில் அவ்வளவு வேற்றுமை இருக்கிறது.

இனி யோக நூலொன்று கைக்கு வருமாயின், படங்களின் அழகை நோக்குவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இதில் காட்டப்படும் உடல்கள் எத்தனை வகை? ஓர் ஆசனம் முடியாதவர்க்கு அதே பயனைத் தரும் வேறு வழி கூறப்பட்டுள்ளதா? யார், எதை, எப்போது செய்யலாகாது என்பது தெளிவாக உள்ளதா? இம்மூன்றுக்கும் விடை தரும் நூல் கற்பிக்கும் நூல். தராத நூல் ஆசிரியரின் படத்தொகுப்பு. அதைப் பார்த்து வியக்கலாம், பார்த்துச் செய்யலாகாது.

உடலைப் பார்த்து ஆசனம் அமைந்தது. ஆசனத்தைப் பார்த்து உடல் அமையவில்லை. மொழி முதலில் தோன்ற, இலக்கணம் அதன் பின்னே வந்தது என்பதை அறிந்த தமிழர்க்கு இதனை உணர்த்துவது அரிதன்று. மூதாட்டி நாற்காலியில் அமர்ந்து மூச்சை விட்டுக்கொண்டே குனிகிறார். நிலைத்திருக்கிறார், இனிதாக இருக்கிறார். பதஞ்சலி கேட்டவை அவ்விரண்டே.